வெயிலுக்கு இளசு போதும்

கிருபாசங்கரின் முதல் வருஷத் திதி நெருங்கியதும் உறவுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது சீசாதான்.

இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துக் கும்பிடுவது சென்னிமலைப் பக்கத்து வழக்கம். சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டு, சீட்டாடியவருக்கு ஒரு கட்டுச் சீட்டு என்று எதையும் விட மாட்டார்கள். "அவனுக்கு ஒரு குவார்ட்டர் பிராந்தி வெச்சுப்போட்டாச் சரியாப் போயிரும். நானே வாங்கியாறேன் அம்மணி, நீ அதுக்கெல்லாம் அலையாதே" என்று போனில் சொன்னார் கிருபாசங்கரின் அண்ணன் வெள்ளியங்கிரி.

"சரிங்க மாமா" என்றாள் பிரவீனா. கணவரின் அண்ணனோ மாமனாரோ எதைச் சொன்னாலும் அவள் வாயில் முதலில் வருவது அதுதான். ஆனால் அவள் கணவர் கிருபாசங்கர் தன் ஆயுளில் பிராந்தியைத் தொட்டதே இல்லை.

போன வருஷம் சாவு வீட்டில், பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பங்காளி அழகிரிசாமி ஒரு வார்த்தை சொன்னார். "நல்ல மனுசனுங்க. சீசாதான் கெடுத்துப்போடுச்சு." உள்ளே இருந்த பிரவீனாவுக்குத் தெளிவாகவே கேட்டது. பிறவியிலிருந்தே இதயத்தில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதை யாரும் ஊருக்குக் கொண்டுபோகவில்லை. அழகிரிசாமி சொன்னது மட்டும் சென்னிமலையிலிருந்து பெருந்துறை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. இப்போது படையலில் பிராந்தியை வைத்தால் அந்தப் பேச்சுக்கு அவளே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒன்றுமே வைக்காமல் விட்டாலும் ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். அவர் யார், என்ன தெரிந்தவர் என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி ஒரு சீசா இலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வைப்பது சரியானதாக இருக்க வேண்டும். வைக்கிற விதமும் சரியாக இருக்க வேண்டும்.

கிருபாசங்கர் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தார். மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு, கை துடைக்கும் துண்டு என்று வெளிநாட்டு வீடுகளுக்குப் போகிற துணிகள். வாங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவதும், சாயத்தைக் காட்டுவதும், கோபப்பட்டால் சமாதானம் செய்வதும் அவர் பொறுப்பு. குளிர்காலத்துக்கான சரக்கைப் பேசி முடிக்க அவர்கள் வருவதோ சித்திரை வைகாசியில். முதலாளிக்குத் தென்னந்தோப்புக்குள் ஒரு பண்ணை வீடு உண்டு. விருந்து அங்கேதான், திறந்த வெளியில், புல்தரையில் மேசை போட்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு விருந்து நடந்தது. முதலாளி இருப்பதிலேயே விலை கூடின சிவப்பு ஒயினை வரவழைத்திருந்தார். அதை மத்தியானமே மேசையில் அடுக்கி வைத்துவிட்டார்கள், வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று. சாயங்காலம் விருந்தாளிகள் வந்தபோது சீசா ஒவ்வொன்றும் தொட்டால் சுடுகிற பதத்தில் இருந்தது. கறிக் குழம்பு வைக்க ஊரிலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்த வெள்ளியங்கிரி, பரிமாறுகிற ஆள் போதாமல் தானே ஊற்ற ஆரம்பித்தார். விருந்தாளிக்குக் குறைத்து ஊற்றுவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. விளிம்பு வரைக்கும், தளும்பத் தளும்ப ஊற்றினார். போதும் என்று அவர்கள் கையைக் காட்டியதையும் நம் ஊர்க்காரர்கள் ஒப்புக்குக் காட்டுகிற மாதிரி என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா ஒரு வாய் குடித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கோப்பையோடு மெதுவாக நடந்துபோய்த் தென்னை மரத்து அடியில் ஊற்றிவிட்டு, வெறும் கோப்பையோடு சிரித்தபடி திரும்பி வந்தார். அதைப் பார்த்தது கிருபாசங்கர் ஒருவர் மட்டும்தான்.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "நம்ம பந்தியில கை நனைச்ச மனுசி, நமக்கு மனசு நோகக் கூடாதுன்னு ஒளிச்சு மரத்துக்கு ஊத்தறா. இதைவிடக் கேவலம் என்ன இருக்குது பிரவீனா?" என்றார். மறுநாள் அந்த அம்மாவிடமே போய்க் கேட்டுவிட்டார். அந்த அம்மா முதலில் வெட்கப்பட்டு, பிறகு விழுந்து விழுந்து சிரித்து, இந்த வெயிலில் என்ன குடிக்கலாம் என்று சாயம் காட்டுகிற மேசையில் உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் சொல்லிக்கொடுத்தார்.

ஆரம்பம் அதுதான். மற்றதை அவரே தேடிக்கொண்டார். அவர் கற்றுக்கொண்ட விதம் பிரவீனாவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அதில் பாதி அவள் மூக்கு. சம்பளம் வந்த வாரத்தில் ஒரு சீசா வாங்கி வருவார். மொட்டை மாடியில் துணி காய்கிற கொடிக்கு அடியில் உட்கார்ந்து, கோப்பையில் கொஞ்சமாக ஊற்றி, முதலில் அவளிடம் நீட்டுவார்.

"ஏனுங்க, எனக்கு எதுக்குங்க இந்தக் கருமம்?"

"குடிக்கச் சொன்னனா? மோந்து மட்டும் பாரு. என்ன வாசம்?"

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மோந்து பார்ப்பாள். முதல் தடவை, "செங்காய் கொய்யா" என்றாள். அவர் அசந்துபோனார். அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் அவருக்கு வேதவாக்கு. எலுமிச்சைத் தோல் என்றாள். நனைந்த கல் என்றாள். ஒரு சிவப்பு ஒயினை மோந்துவிட்டு, "நம்ம ரைஸ்மில்லுல பெல்ட்டு தேயற வாசமுங்க" என்றாள். அந்த ஜாதி சீசா அதன் பிறகு வீட்டுப் படி ஏறவில்லை. அவர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மிச்சத்தை மூடி வைப்பார். போதை என்கிற பேச்சே அந்த மாடியில் வந்ததில்லை.

வெயில் காலத்துக்கு என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். "முத்துன தேங்காயை வெட்டி யாராச்சும் வெயில்ல குடிப்பாங்களா? இளநிதானே குடிப்போம்? வெயிலுக்கு இளசு போதும்" என்பார். போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ பிழிந்த வெள்ளை ஒயின், கனமில்லாதது, வீரியம் குறைந்தது. காரச் சாப்பாடாக இருந்தால் நாக்கில் ஒரு துளி இனிப்புத் தட்டுகிறதாகப் பார்த்து எடுப்பார். வீரியமானது மிளகாயோடு சேர்ந்தால் வாயில் சண்டை போடும் என்பார். வெயில் தாழ்ந்து, அரிசிம்பருப்புச் சோறும் நெய்யுமாகப் பந்தி நடந்தால் ரோஸ் நிறத்தது. சிவப்புத்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு மெல்லிசான சிவப்பை, அதையும் சித்த நேரம் ஐஸில் வைத்துக் கொடுப்பார்.

கோயமுத்தூரில் பெரிய பெரிய வீட்டுக்காரர்கள் அவருக்குப் போன் பண்ணுவார்கள். "கிருபா, லான்ல பார்ட்டி, என்ன வாங்கலாம்?" என்றால் அவர் எந்த ஒயின் பெயரையும் சொல்ல மாட்டார். "நிழலுங்களா, வெயிலுங்களா?" என்று கேட்பார். பிறகு, "சாப்பாடு என்னங்க?" அதற்கும் பிறகு, "குடிக்காதவிய எத்தனை பேருங்க?" அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பலர் சிரித்திருக்கிறார்கள். குடிக்காதவர்களுக்கு நன்னாரி சர்பத்தை அதே ஐஸில் வைத்து, அதே மாதிரிக் காம்பு வைத்த கோப்பையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் சட்டம். "ஒருத்தர் கையில மட்டும் பிளாஸ்டிக் டம்ளர் இருக்கப்படாதுங்க. அது விருந்தில்லை" என்பார். அந்த டென்மார்க் அம்மா ஒவ்வொரு வருஷமும் வந்து இறங்கியதும் முதலாளிக்கு வணக்கம் சொல்லுவதற்கு முன்னால், "கிருபா எங்கே?" என்றுதான் கேட்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஒரு குவார்ட்டர்.

திதிக்கு முதல் நாள் பிரவீனா மகளோடு கோயமுத்தூருக்குப் போனாள். அக்ஷிதா சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பெரிய மால் ஒன்றின் கீழ்த்தளத்தில், ஏசி போட்ட அரசு மதுக்கடைக்கு முன்னால் நின்று, "அம்மா, நீ இங்கயே நில்லு. நான் போய் வாங்கிட்டு வாரேன். யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றாள்.

"பாக்கட்டும் கண்ணு. உங்கப்பா பின்வாசல் வழியா வாங்கினதில்லை" என்று சொல்லிவிட்டு பிரவீனா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போனாள்.

கடைக்காரர் நல்ல மாதிரி. "கிஃப்டுங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. படையலுக்கு."

அவர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, குரலைத் தணித்து, "படையலுக்குன்னா பிராந்தி அந்தப் பக்கமுங்க" என்றார்.

அக்ஷிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். பிரவீனா ஒயின் அலமாரி முன்னால் போய் நின்றாள். மூடிய சீசாவை எப்படி மோந்து பார்ப்பது? இத்தனை வருஷமும் மூக்கு அவளுடையது, தேர்ந்தெடுத்தது அவர். இப்போது அவர் வேலையையும் அவளே பார்க்க வேண்டும். கடைக்காரர் தங்க எழுத்துப் போட்ட சிவப்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்பா ரோஸ் கலர்தானே நெறைய வாங்குவாரு?" என்றாள் அக்ஷிதா.

"அது பொழுது சாய்ஞ்ச பொறகு. நாளைக்கு நடு மத்தியானம், தோட்டத்துல, இலையில பள்ளிபாளையம் சிக்கன்." சொல்லச் சொல்ல பிரவீனாவுக்கே வழி தெரிந்தது. நிழலா, வெயிலா? வெயில். சாப்பாடு? மிளகாய். அவள் வெள்ளை ஒயின்களாகப் பார்த்துப் பின்பக்கத்து வருஷத்தைப் படித்தாள். இருப்பதில் இளசான இரண்டை எடுத்து, அவர் செய்வதுபோல வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒன்று புது வைக்கோல் நிறம். இன்னொன்று கொஞ்சம் பழுப்பேறி இருந்தது. சீட்டில் போட்டிருந்தபடி, வைக்கோல் நிறத்ததில் வீரியமும் குறைவு.

"இது லேசா இனிப்பா இருக்குமுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்குமுங்கம்மா. ஜில்லுன்னு குடிக்கோணும், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு அவர்மேல் பிரியமே வந்துவிட்டது. அதில் மூன்று சீசா வாங்கிக்கொண்டாள்.

தோட்டம் சென்னிமலைக்கும் பெருந்துறைக்கும் நடுவில். வேப்பமரத்துக்கு அடியில் கிருபாசங்கரைப் புதைத்த இடத்தில் சின்னதாக ஒரு மேடை கட்டியிருந்தார்கள். மேடையில் படத்தை வைத்து மாலை போட்டு, முன்னால் தலைவாழை இலை விரித்தார்கள். பள்ளிபாளையம் சிக்கன், அரிசிம்பருப்புச் சோறு, இனிப்புக்கு ஒப்புட்டு, தயிர். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. அடித்தாலும் வெயில் வெயில்தான்.

பிரவீனா சீசாக்களை ஐஸ் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள். "எல்லாம் ஆச்சுங்களா? கும்புட்டரலாம்" என்று குரல் வந்த பிறகே ஒன்றை எடுத்துத் திறந்து, அவர் கோப்பையில் கால்வாசி ஊற்றி, சீசாவை இலைக்கு வலப்பக்கம் வைத்தாள். சீசா முழுக்க நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது.

வெள்ளியங்கிரி அதைப் பார்த்தார். இடுப்பிலிருந்து குவார்ட்டரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அழகிரிசாமி தொண்டையைச் செருமினார். கற்பூரம் காட்டினார்கள். கும்பிட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்து நின்றார்கள், காக்காய் வந்து எடுக்கட்டும் என்று.

காக்காய் வரவில்லை. "கா, கா" என்று பொடிசுகள் கத்திப் பார்த்தார்கள். வாய்க்கால் மேட்டுத் தென்னையில் இரண்டு உட்கார்ந்திருந்தன, இறங்க மனசில்லை. அதற்குள் வேப்பமரத்து நிழல் இலையை விட்டு விலகிப் போய்விட்டது. வெயில் முதலில் ஒப்புட்டின் மேல் விழுந்தது, பிறகு கோப்பையில், பிறகு சீசாவில். பூத்திருந்த நீர் முத்துகள் ஒவ்வொன்றாகக் காய்வதைப் பிரவீனா பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் சித்த நேரம் போனால் அந்தத் தென்னந்தோப்பு ஒயின்தான் இதுவும். அதை அவர் முன்னாலேயே வைத்து வேக விடுவதா?

அவள் நடந்து போய்ச் சீசாவிடம் குனிந்தாள்.

"அம்மணி! படையல்ல வெச்சதைக் காக்கா எடுக்கறதுக்கு முந்தி நகத்தப்படாது" என்றார் வெள்ளியங்கிரி.

"நகத்தலீங்க மாமா."

மோட்டார்த் தொட்டிக்குப் போய், பையில் கொண்டுவந்திருந்த சென்னிமலைத் துண்டை நனைத்துப் பிழிந்தாள். விருந்துகளுக்கு அவர் தோளில் போட்டுக்கொண்டு போகிற துண்டு அது. ஈரத்துண்டு காற்றில் காயக் காயச் சீசா குளிரும் என்று அவர்தான் செய்து காட்டியிருந்தார். திரும்பி வந்து, சீசா வைத்த இடத்திலேயே இருக்க, துண்டை அதன்மேல் சுற்றிவிட்டாள். பிறகு வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் நிழல் கோப்பையின் மேல் விழுகிற மாதிரி நின்றாள்.

"என்னங்க இது, சீசாவைக் குளுப்பாட்டித் துண்டு கட்டறாங்க?" என்றார் அழகிரிசாமி. நாலைந்து பேர் சிரித்தார்கள். "வெள்ளியங்கிரிண்ணா, உங்க தம்பிக்குச் சளி புடிச்சுக்கப் போகுது."

பிரவீனா திரும்பவில்லை. நடு உச்சி வெயில் பின்கழுத்தில் சுட்டது. அவள் நிழல் சின்னது. கோப்பையை மறைத்தால் சீசா வெளியே வந்தது. காலை மாற்றி வைத்துப் பார்த்தாள்.

சட்டென்று நிழல் பெரிதானது. பக்கத்தில் வெள்ளியங்கிரி வந்து நின்றிருந்தார். அகலமான ஆள்; இலை முழுக்க மூடிக்கொண்டது.

"நீ போய் உக்காரு கண்ணு. என்ற நெழலு பெருசு."

"இருக்கட்டுங்க மாமா."

"உக்காருன்னா." பிறகு தம்பி படத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "அந்தத் தோப்பு விருந்துல தளும்பத் தளும்ப ஊத்துனது நாந்தான், தெரியுமா உனக்கு? ஒரு வார்த்தை கோவிச்சுக்கலை அவன். அடுத்த வருசம் என்னையே கூப்புட்டு, கால்வாசி ஊத்தறது எப்படீன்னு கை புடிச்சுக் காட்டுனான். அந்த டென்மார்க்கு அம்மா கிளம்பறப்ப என்னைக் கும்புட்டுப்போட்டுப் போச்சு." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "மறந்துபோட்டேன் அம்மணி."

குனிந்து குவார்ட்டரை எடுத்தார். அழகிரிசாமி விடவில்லை. "ஏனுங்கண்ணா, நகத்தப்படாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கிருபாவுக்கு வாங்குனதை நகத்தப்படாது. இது அவனுக்கு வாங்குனதில்லை" என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பெரியப்பா, நீங்க இப்படி நின்னா காக்கா எப்படி வரும்?" என்றாள் அக்ஷிதா.

"வரோணும்னா வரும். என்ற தம்பி விருந்துன்னா ஊரு தாண்டி வருவாங்க."

வந்தது. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தாழப் பறந்து வந்து, சோற்றை விட்டுவிட்டு ஒரு துண்டுக் கறியைக் கவ்விக்கொண்டு போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

பந்தி போட்டதும் பிரவீனா துண்டைப் பிரித்துச் சீசாவைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று கைக்குப் பிடித்தது. மற்ற இரண்டையும் ஐஸிலிருந்து எடுத்தாள். அக்ஷிதா அப்பாவின் கோப்பைகளை அடுக்கினாள்; குடிக்காதவர்களுக்கு அதே கோப்பையில் நன்னாரி. முதல் கோப்பையை வெள்ளியங்கிரியிடம் நீட்டினாள் பிரவீனா. அவர் அதை மோர் டம்ளர் மாதிரி உள்ளங்கையில் பொத்தினார்.

"காம்பைப் புடிங்க பெரியப்பா. கைச்சூடு ஏறிரும்" என்றாள் அக்ஷிதா.

அவர் காம்பைப் பிடித்து, ஒரு வாய் கறி மென்று, ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் கறி, இன்னொரு மடக்கு.

அடுத்து அழகிரிசாமி. கோப்பையை உயர்த்திப் பார்த்து, "என்ன பிரவீனா, சங்குல மருந்து ஊத்தற மாதிரி ஊத்தறே?" என்றார்.

"அவ்வளவுதான்யா ஊத்தோணும். சூடாகறதுக்கு முந்தி குடிச்சுப்போட்டு மறுக்கா வாங்கிக்கோ." பதில் சொன்னது வெள்ளியங்கிரி. "இரு, இரு. குடிக்காதே. மொதல்ல மோந்து பாரு."

"மோக்கறதா?"

"மோந்து பாருடா. என்ற தம்பி குடிச்சவன்னு ஊரெல்லாம் நாயம் பேசுனயே. அவன் குடிச்சவன் இல்லை. எந்த வெயிலுக்கு எது, எந்தச் சோத்துக்கு எதுன்னு பார்த்துப் பார்த்து எடுத்துக் குடுத்தவன். அவன் எடுத்ததைக் குடிக்கறதுக்குக் கப்பலேறி வந்தாங்க."

அழகிரிசாமி கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு தடவை. இன்னொரு தடவை. வேண்டா வெறுப்பாக ஆரம்பித்த முகம் மாறி, நிஜமாகவே யோசிக்கிற முகமானது. "ஏதோ ஒரு காயாட்டம் இருக்குதுங்க. வாயில வருது, சொல்லத் தெரியலை" என்றார். குடித்துவிட்டு, அவரே கோப்பையை மறுபடியும் நீட்டினார். "கால்வாசி போதுமுங்க" என்றார்.

பிரவீனா அவருக்கு ஊற்றிவிட்டு மேடைக்குப் போனாள். படத்துக்கு முன்னால் இருந்த கோப்பையை எடுத்தாள். காம்பைப் பிடித்து, மாடியில் செய்கிற மாதிரியே ஒரு சுற்றுச் சுற்றி, மோந்து பார்த்தாள்.

"செங்காய் கொய்யாங்க" என்று அவரிடம் சொன்னாள்.